பதினான்காம் கம்பத்தில் ஒரு ஸ்டேஷன்

முப்பத்தாறு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் வேலைக்குத் தாமதமாகப் போனதில்லை, மேடம். இதில் பெருமை ஒன்றுமில்லை. மூட்டுவலிக்காரனால் ஓடிப்போய் வண்டி பிடிக்க முடியாது. அதனால் முன்னதாகவே கிளம்பிவிடுவான். அவ்வளவுதான். இன்றைக்கும் நீங்கள் பத்து மணிக்கு வருவீர்கள் என்றார்கள். நான் ஒன்பதே காலுக்கு வந்து உங்கள் காவல் நிலையப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஏட்டு கட்கே டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர். கையெழுத்துதான் கொஞ்சம் கவலையளிக்கிறது. நான் சொல்வதை அவர்தான் எழுதப்போகிறார் என்றால், ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் எனக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மாவட்ட அலுவலகத்தில் கூட்டக் குறிப்பு எழுதியே நரைத்தவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

பெயர் மோரேஷ்வர் பிடே. வயது அறுபத்தைந்து. ஆனந்தவன் காலனி, மூன்றாம் கட்டடம். புதிய ரயில் நிலையக் கோரிக்கைச் சங்கத்தின் செயலாளர், தொடர்ந்து பதினான்கு ஆண்டுகள். ஒருவர்கூட எதிர்த்து நின்றதில்லை.

ஆம்பேலிக்கும் கோட்சாவுக்கும் நடுவே ஏழு கிலோமீட்டர். அந்த ஏழில் ஒரு ஸ்டேஷன் கிடையாது. மும்பைக்குப் போய்வருகிற பன்னிரண்டாயிரம் பேர் நடுவில் குடியிருக்கிறார்கள். லோக்கல் ரயில் அவர்கள் வீட்டு ஜன்னலை உரசாத குறையாகப் போகும், நிற்காது. ஆகவே காலையில் தண்டவாளத்தைக் கடந்து அந்தப் பக்கத்துச் சாலைக்குப் போய், அங்கே ஷேர் ஆட்டோ பிடித்து, ஆம்பேலி போய், அதே லோக்கலில் ஏறி, தங்கள் வீட்டு ஜன்னலைத் தாங்களே பார்த்துக்கொண்டு போவார்கள். கடக்கும்போது சிலர் சாவார்கள். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். ரயில்வே போலீஸுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நடுவில் இரண்டு குடியிருப்புகள். ஒன்று எங்கள் காலனி. மின்கம்பியைத் தாங்குகிற கம்பங்களில் வரிசையாக எண் எழுதியிருக்கிறார்களே, அதில் பதினான்காம் கம்பத்துக்கு எதிரே. இன்னொன்று மாளிவாடா, இருபதாம் கம்பத்துக்கு எதிரே. இடையில் ஆறு கம்பம், முந்நூற்றைம்பது மீட்டர். ஒரு பீடி பிடித்து முடிப்பதற்குள் நடந்துவிடலாம். ஆனால் ஸ்டேஷன் ஓரிடத்தில்தான் வரும். நடுவில் பதினேழில் வைத்தால் பொதுவாக இருக்குமே என்று கேட்பீர்கள். அங்கே சாக்கடைப் பாலம். ஆண்டவன் சமரசத்துக்கு இடம் வைக்கவில்லை.

மாளிவாடா தரப்புக்குப் பண்டரிநாத் தரே. எருமைப் பண்ணை, மூன்று டெம்போ, அகலமான மீசை. ஊரில் எல்லாரும் பண்டரி பாவ், பண்டரி அண்ணன் என்பார்கள். அவர்கள் சங்கத்துக்கு லெட்டர்ஹெட் கிடையாது. முத்திரை கிடையாது. கூட்டக் குறிப்பு கிடையாது. எருமைக் கொட்டகை முன்னால் நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் அது சங்கம். இருந்தும் அதிகாரிகள் ஆய்வுக்கு வந்தால் ஜீப் முதலில் அங்கேதான் நிற்கும். எங்கள் பக்கம் அவல் உப்புமாவும் தீர்மானமும் கொடுப்போம். அங்கே மட்டன்.

பதினான்கு வருஷத்தில் நான் முந்நூற்றுப் பன்னிரண்டு மனுக்கள் அனுப்பியிருக்கிறேன். ஆறு எம்.பி.க்களுக்குச் சால்வை போர்த்தியிருக்கிறேன். இருவருக்கு இரண்டு தடவை. செலவில் பாதி மாநில அரசு, பாதி ரயில்வே என்பது விதி. கல்யாணப் பந்தியில் சம்பந்திகள் இருவர் 'நீங்கள் உட்காருங்கள்', 'இல்லை, நீங்கள் உட்காருங்கள்' என்று உபசரித்துக்கொள்வதுபோல இரண்டு தரப்பும் நின்றுகொண்டே இருந்தன. இலையில் சோறு ஆறியது. காலனியில் எனக்கு ஸ்டேஷன் காகா, ஸ்டேஷன் சித்தப்பா என்று பெயர் வந்தது. முதலில் மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

போன ஜூனில் எங்கள் காலனி மண்டபத்தில் கூட்டம். ரயில்வேயிலிருந்து கௌதம் ஸஹாய் என்று ஓர் இளம் பொறியாளர் வந்தார். சுறுசுறுப்பான பையன், மடிக்கணினி, சுவரில் படம். இந்த விவகாரத்தில் எனக்கு உண்மையான தகவல் கொடுத்த முதல் அதிகாரி அவர்தான். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

"பாதிப் பாதின்னு காத்திருந்தா இன்னும் பத்து வருஷம் ஆகும் சார்," என்றார். "ஆனா பாதுகாப்பு நிதின்னு ஒண்ணு இருக்கு. மூணு வருஷத்துல பத்து விபத்துச் சாவு பதிவான இடம்னா, யாரையும் கேக்க வேண்டியதில்ல. முழுச் செலவும் அதுலேருந்தே வந்துரும். வர்ற மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும்தான் கணக்கு. ரெண்டு இடமுமே பத்தைத் தொட்டா, எது அதிகமோ அங்க ஸ்டேஷன்."

"இப்போ எவ்வளவு?" என்று கேட்டேன்.

"பதினாலாம் கம்பத்துல ஆறு. இருபதுல எட்டு."

பின்வரிசையில் மாளிவாடாக்காரன் ஒருவன் கைதட்டினான். பிறகு எதற்குக் கைதட்டினோம் என்று யோசித்து நிறுத்திக்கொண்டான். பண்டரி பாவ் எழுந்து நின்று மீசையைத் தடவினார்.

"பிடே காகா, உங்க ஆளுங்க எல்லாம் படிச்சவங்க. இந்தப் பக்கம் பாத்து, அந்தப் பக்கம் பாத்து, செருப்பைச் சரி பண்ணிக்கிட்டுக் கடப்பாங்க. இப்பிடி ஜாக்கிரதையா இருந்தா எப்படி ஸ்டேஷன் வரும்? கொஞ்சம் மனசு வைங்க."

மண்டபமே சிரித்தது. எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், செயலாளர் சிரிக்காமல் இருந்தால் நன்றாக இராது. அன்றைய குறிப்பில், 'ஒப்பீட்டு நிலவரம் திருப்திகரமாக இல்லை' என்று எழுதினேன்.

வீட்டில் என் மனைவி மாலினி கேட்டாள்: "நீங்கதான் ரிடயர் ஆயிட்டீங்களே. ஸ்டேஷன் வந்தா எங்க போகப் போறீங்க?" பொதுக் காரியம் என்பது பெண்களுக்குப் புரியவைக்கக் கடினமானது. மன்னிக்க வேண்டும் மேடம், உங்களைச் சொல்லவில்லை.

தோண்டிபாவை உங்களுக்குத் தெரியும். இந்த ஏழு கிலோமீட்டரில் தண்டவாளத்தில் விழுந்தவர்களை ஸ்ட்ரெச்சரில் அள்ளிக் கொண்டுவருவது அவன் வேலை. ஜூலையில் ஒரு மழைக் காலை. நடைப்பயிற்சிக்குப் போனவன், இருபதாம் கம்பத்துக்கு அருகே அவன் குடை பிடித்துக் குந்தியிருப்பதைப் பார்த்தேன். முன்னால் ஓர் ஆள் கிடந்தான். தலை இருந்த இடத்தில் மழைத்தண்ணீர் சிவப்பாகத் தேங்கியிருந்தது. போலீஸ்காரர் வந்து எழுதும்வரை தோண்டிபா தொடக்கூடாது.

"எதை எழுதுவாங்க தோண்டிபா?"

"எங்க கெடக்குதோ அந்தக் கம்பத்து நம்பரை எழுதுவாங்க காகா. வேறென்ன? ஆளு யாரு எவருன்னு பொறகு."

"எங்கே அடிபட்டான் என்று பார்க்க மாட்டார்களா?"

"அடிபட்ட எடம் எவனுக்குத் தெரியும்? சில ஆளை வண்டி இழுத்துக்கிட்டே போயிரும். கெடக்கற எடம்தான் எடம்."

நான் பதினான்காம் கம்பத்தைப் பார்த்தேன். மழை கனமாக இருந்ததால் அது தெரியவில்லை. "செத்தவனுக்கு இருபது என்ன, பதினாலு என்ன?" என்றான் தோண்டிபா, என் முகத்தைப் பார்த்து. அறிவுள்ளவன். அவன் தோள்பக்கம் தூக்கினான், நான் கால்களைப் பிடித்தேன். முந்நூற்றைம்பது மீட்டர். மூட்டுவலியோடு. அந்த மனிதனுக்கு நாங்கள் எந்தத் தீங்கும் செய்யவில்லை. அவனுக்கு ஆக வேண்டியதெல்லாம் ஆகிவிட்டது. எங்களுக்கு ஏழு, அவர்களுக்கு எட்டு என்றாயிற்று.

ஆகஸ்டில் விழுந்தவன் விஷயத்தில் சற்றுச் சிக்கல். அவன் லோக்கலின் நெரிசலில் வாசலில் தொங்கிக்கொண்டு வந்தவன், பதினேழாம் கம்பத்துப் பாலத்தில் விழுந்தான். ஹோட்டலில் வேலை செய்கிறவன், கட்டம்போட்ட கால்சட்டை. முழங்காலுக்குக் கீழே இரண்டும் இல்லை. ஆனால் உயிர் இருந்தது. தோண்டிபா தன் வேட்டியைக் கிழித்துத் தொடையில் கட்டினான்.

"மாளிவாடா பக்கம் தூக்குங்க காகா. பண்டரி பாவ் டெம்போ நிக்குது. பத்து நிமிஷத்துல ஆஸ்பத்திரி."

"காலனிப் பக்கம் தூக்கு. அங்கே கார் இருக்கிறது."

"உங்க காலனில கார் சீட்டுல ரத்தம் ஏத்துவானா எவனாச்சும்?"

அவன் சொன்னது சரிதான். ஆனால் அன்று அந்த உண்மை சோதிக்கப்படவில்லை. பதினான்காம் கம்பத்தடியில் இறக்கிவைத்து, தோண்டிபாவைப் போலீஸுக்குச் சொல்ல அனுப்பிவிட்டு, நான் பையன் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். "மாமா, கார் வருதா?" என்றான். வருகிறது என்றேன். மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் சலித்துக்கொள்ளாமல் சொன்னேன். என் கைப்பேசி சட்டைப்பையில்தான் இருந்தது. இருபத்திரண்டு நிமிஷம். அவனை நான் தனியாக விடவில்லை என்பதைக் கட்கே எழுதிக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரி நடைபாதையில் எத்தனையோ பேர் தனியாகச் சாகிறார்கள்.

எட்டு, எட்டு.

அந்தப் பையன் செய்தி பத்திரிகையில் வந்ததும் எங்கள் சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. காலை ஏழிலிருந்து பதினொன்றுவரை தண்டவாளத்தைக் கடக்கிறவர்களுக்கு வழிகாட்ட ஒரு தொண்டர் வேண்டும் என்று தீர்மானம். எல்லாரும் கைதூக்கினார்கள், போய் நிற்பது யார் என்றதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒரு விசில், ஒரு பச்சைக் கொடி, நெஞ்சில் மின்னும் பட்டை வைத்த சட்டை. நான் விசில் ஊதினால் கடக்கலாம். ஊதாவிட்டால் நிற்க வேண்டும். முதல் இரண்டு மாதம் எங்கள் பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு விழா எடுத்துத் தேங்காயும் சால்வையும் கொடுத்தார்கள். உயிர்காவலர் என்று பட்டயம். வாழ்நாளில் முதல் தடவையாக எனக்கே ஒரு சால்வை.

மறுநாள் காலை பண்டரி பாவ் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டார். "காகா, வாழ்த்து. நேத்து எங்க பக்கம் இன்னொரு ஆளு போயிட்டான். ஒம்பது. நீங்க விசில் ஊதிக்கிட்டே இருங்க, நாங்க ஸ்டேஷன் கட்டிக்கறோம்." சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு நின்றுவிட்டது. செத்தவன் அவர் பண்ணையில் பால் கறக்கிறவன் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

இரண்டு பாதை இருக்கிற இடத்தில் ஒரு விஷயம் கவனித்திருப்பீர்கள். மும்பை போகிற லோக்கல் கடந்துபோனதும் ஜனங்கள் உடனே இறங்குவார்கள். அந்த லோக்கலின் உடம்பு, எதிர்த்திசையில் வருகிற வண்டியை மறைத்துக்கொண்டிருக்கும். அதன் சத்தத்தையும் விழுங்கிவிடும். விசில்காரன் நிற்கிற மேட்டிலிருந்து மட்டும் இரண்டும் தெரியும்.

சுமன் காம்ப்ளே எங்கள் காலனியில் நாலு வீட்டில் சமைப்பவள். எங்கள் வீட்டிலும். அவளைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்வது தவறு. எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு வர வேண்டிய எதிர்வண்டி இரண்டு நிமிஷம் தாமதம், அவள் இரண்டு நிமிஷம் சீக்கிரம். அப்படி அமைந்தது. கையில் பை.

"காகா, போலாமா? இன்னிக்கு ஒங்க வீட்டுல பாகற்காய். ஒங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும், மாலினி அத்தைதான் சொல்லிட்டாங்க."

ஊதினேன். வழக்கமான நீளம்தான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவள் ஓடவில்லை, நடந்தாள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை. லோக்கலின் கடைசிப் பெட்டி விலகியதும் அந்த இடத்தில் மற்ற வண்டி இருந்தது. சத்தம் சின்னதாகத்தான் வரும் மேடம். ஈரத்துணியைக் கல்லில் அடித்தால் எவ்வளவோ அவ்வளவு. பையிலிருந்த கொத்தமல்லி சக்கரத்தில் அரைபட்டு, ஒரு நிமிஷம் அந்த இடம் முழுக்க சமையலறை வாசனை. ஒரு கை மட்டும் என் மேட்டுக்குக் கீழே வந்து விழுந்தது, வளையல் உடையாமல்.

இரங்கல் கூட்டத்தை நானே நடத்தினேன். தீர்மானத்தின் வாசகம் நன்றாக அமைந்ததாகப் பலர் சொன்னார்கள். அவள் அவசரப்பட்டு இறங்கிவிட்டாள் என்று நான் சொல்ல வேண்டியே இருக்கவில்லை, காலனியே சொன்னது. பதினைந்து நாள் மாலினி சமைத்தாள்.

ஒன்பது, ஒன்பது.

தோண்டிபா அவளை அள்ளும்போது கம்பத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு போனான். ஆனால் டீக்கடையில் ஒரு வேடிக்கை சொல்லத் தொடங்கினான்: "பிடே காகா விசில் ஊதினா எனக்கு வேலை வரும்." எல்லாரும் சிரிப்பார்கள். வேடிக்கை மூன்று தடவை சொல்லப்பட்டால் வதந்தி. நாலாவது தடவை அது சாட்சி. அலுவலகத்தில் எத்தனை பதவி உயர்வு இப்படிப் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

டிசம்பரில் பனி. ஏழு மணிக்குள், ஜனங்கள் வருமுன், பதினான்காம் கம்பத்தருகே தோண்டிபா தண்டவாளத்தை ஒட்டிக் குந்தி, ரப்பர் செருப்பின் வாரைக் கம்பியால் கட்டிக்கொண்டிருந்தான். வண்டியின் விளக்கு பனியில் மஞ்சளாக வந்தது. நான் பின்னால் போய் அவன் முதுகில் உள்ளங்கையை வைத்தேன். அவன் திரும்பிப் பார்த்தான். ஆச்சரியப்படவில்லை.

"பத்தா காகா?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன். பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

அதற்குப் பிறகுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. அள்ளுவதற்கு ஆள் இல்லை. அள்ளுகிறவனே அல்லவா கிடக்கிறான். வந்த போலீஸ்காரர் புதுசு; வாந்தி எடுத்துவிட்டார். கோணிப்பையில் நான்தான் சேகரித்தேன். பதினோரு துண்டு. ஒன்றையும் பதினைந்தாம் கம்பத்துப் பக்கம் விட்டுவிடவில்லை. 

பத்து, ஒன்பது. ஜனவரி போயிற்று, பிப்ரவரி போயிற்று. காலனியில் என்னைக் கண்டால் எழுந்து நிற்கத் தொடங்கினார்கள். ஸ்டேஷன் காகா என்ற பெயரில் மறுபடி மரியாதை வந்தது. ஸஹாய் தம்பி தொலைபேசியில் சொன்னார்: "உங்க இடம் தகுதிக்கு வந்தாச்சு சார். மார்ச் முடியட்டும்." குரல் உற்சாகமாக இருந்தது. உடனே, "ஐயோ, அப்படிச் சொல்லக்கூடாதில்ல," என்றார். பரவாயில்லை என்று நான் அவரைத் தேற்றினேன்.

இப்போது பண்டரிநாத் தரே.

மார்ச் இருபத்திரண்டு, பகல் பதினொரு மணி. நான் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். தண்டவாள ஓரமாகவே அவர் தனியாக நடந்து வந்தார். மீசை வாரவில்லை. என் மேட்டில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"காகா, நான் விட்டுக்குடுத்துடறேன்."

"எதை?"

"ஸ்டேஷனை. எங்க பசங்க டீக்கடையில உக்காந்து பேசிக்கறாங்க. 'இன்னும் ரெண்டு விழுந்தாப் போதும், நாம ஜெயிச்சிரலாம்'ங்கறான் ஒருத்தன். 'எங்க பெரியப்பனுக்கு எப்படியும் நாள் நெருங்கிடுச்சு, காலைல தண்டவாளத்துல கொண்டுபோய் விட்டா என்ன'ங்கறான் இன்னொருத்தன். சிரிச்சிக்கிட்டேதான் சொன்னான். எனக்கு அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கல. இதெல்லாம் நான் ஆரம்பிச்சு வெச்ச கிண்டல் காகா. உங்க கூட்டத்துல நான்தான் மொதல்ல சொன்னேன். வேணாம். உங்க பக்கமே வரட்டும். எங்க ஆளுங்க அஞ்சு நிமிஷம் கூட நடப்பாங்க. நடந்தா யாரும் சாக மாட்டாங்க."

சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். முதல் தடவையாக அவர்கள் சங்கம் காகிதத்தில் எழுதியிருந்தது. நானூறு கையெழுத்து, பாதி கைநாட்டு. நான் மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தேன். நல்ல கடிதம்தான். ஆனால் இரண்டாவது வரியில், 'மாளிவாடா மக்கள் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுக்கிறோம்' என்று இருந்தது.

"இந்தப் பெருந்தன்மை என்ற சொல் தேவையில்லை," என்றேன். "எடுத்துவிடலாமே."

"இருக்கட்டும் காகா. எங்க ஆளுங்களுக்குச் சொல்லிக்க ஒண்ணு வேணாமா? உங்களுக்கு ஸ்டேஷன், எங்களுக்கு ஒரு வார்த்தை." பழைய சிரிப்பு கொஞ்சம் திரும்பியது. "நீங்க பாட்டுக்கு ஜம்முனு வண்டி ஏறுங்க. நாங்க குடுத்ததுன்னு மட்டும் மறந்துராதீங்க."

மேடம், நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் இடம் ஏற்கெனவே தகுதி பெற்றிருந்தது. பத்து. முறைப்படி. அதை ஒருவர் தட்டில் வைத்து எனக்குத் தானம் கொடுக்க வேண்டிய நிலை இல்லை. திறப்புவிழா மேடையில் எவனாவது ஒரு எம்.பி. எழுந்து, பண்டரி பாவின் பெருந்தன்மையால் கிடைத்த ஸ்டேஷன் என்று பேசுவான். பதினான்கு வருஷம், முந்நூற்றுப் பன்னிரண்டு மனு. எல்லாம் ஓர் எருமைக்காரர் போட்ட பிச்சை என்றாகும். நான் யாரையும் வெறுப்பவன் அல்ல. கணபதிப் பந்தலில் ஒலிபெருக்கி வைத்தவர்களைக்கூடக் கைகூப்பித்தான் கண்டித்திருக்கிறேன்.

கடிதத்தை மடிப்பு கலையாமல் மடித்து அவர் சட்டைப்பையிலேயே திரும்ப வைத்தேன். பிறர் கடிதத்தை வைத்துக்கொள்வது முறையல்ல. அவர் எழுந்து, விடைபெற என் கையைப் பிடித்துக் குலுக்கினார். புணே எக்ஸ்பிரஸ் வளைவில் திரும்பியது. பிடித்த கையை நான் விடவில்லை. பாதையின் ஓரத்துக்கு அவரோடு இரண்டு எட்டு நடந்தேன், வழியனுப்புவதுபோல. பிறகு இரண்டு கைகளாலும் தள்ளினேன். கனமான மனிதர். மார்பில் கை வைத்துத்தான் தள்ளினேன், முகம் என் பக்கம்தான் இருந்தது. வாய் எதையோ சொல்லத் திறந்தது, திறந்தபடியே எஞ்சின் அவரை எடுத்துக்கொண்டது.

எடுத்துக்கொண்டது என்பதை நான் யோசித்துத்தான் சொல்கிறேன். எஞ்சினின் முன்தகட்டில் சட்டை மாட்டிக்கொண்டது. விடவில்லை. பதினைந்து, பதினாறு, பாலம், பதினெட்டு, பத்தொன்பது. சரளைக் கல்லில் அவரைத் தேய்த்துக்கொண்டே போய், இருபதாம் கம்பத்தில் துப்பியது. அவர் வீட்டுக் கொட்டகைக்கு நேர் எதிரே. எருமைகள் கத்தின. நான் ஓடினேன், மேடம், மூட்டுவலியோடு ஓடினேன். அதற்குள் அங்கே அறுபது பேர் கூடிவிட்டார்கள். நகர்த்த முடியவில்லை. கடிதம் இருந்த பையும் இல்லை, பை இருந்த நெஞ்சும் இல்லை.

போலீஸ்காரர் இருபது என்று எழுதினார். பத்து, பத்து.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். 'ஸ்டேஷனுக்காகப் போராடிய இடத்திலேயே உயிர்நீத்த மக்கள் தலைவன்' என்று பத்திரிகை. அமைச்சர் கொட்டகைக்கு வந்து, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். பதினான்கு வருஷமாக உபசரித்துக்கொண்டிருந்த இரண்டு சம்பந்திகளும் ஒரே வாரத்தில் இலைமுன் உட்கார்ந்தார்கள்: பாதி மாநிலம், பாதி ரயில்வே. எண்ணிக்கை இரு பக்கமும் சமம் என்பதால் தியாகம் நடந்த இடத்துக்கே முன்னுரிமை என்று ஆணை. இருபதாம் கம்பம். பெயர், பண்டரிநாத் நகர். வருகிற ஞாயிறு அடிக்கல். என்னையும் மேடைக்கு அழைத்திருக்கிறார்கள், பாராட்டிப் பேச.

அதனால்தான் வந்தேன். ஒரு பொதுச்சொத்து பொய்யின்மேல் கட்டப்படக்கூடாது. அவர் இருபதில் சாகவில்லை. பதினான்கில்தான் செத்தார், என் இரு கைகளும் சாட்சி. பதிவைத் திருத்தினால் பதினொன்று, ஒன்பது. இதற்காக எனக்கு என்ன தண்டனை கிடைத்தாலும் சம்மதம். எழுதியாயிற்றா கட்கே? படியுங்கள்.

என்ன சொன்னீர்கள், மேடம்?

'கொலைன்னா அது விபத்துப் பட்டியல்ல நிக்காது காகா. பேரையே அடிச்சிருவாங்க. நீங்க சொன்னது மொத்தத்தையும் எழுதினா, உங்க கம்பத்துல மிச்சம் எத்தனை?'

எனக்குக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும்.

தோண்டிபா போனால் ஒன்பது. சுமன் போனால் எட்டு. அந்தப் பையன் பதினேழில் விழுந்தவன். மழையில் கிடந்தவனையோ அவர்களுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆறு. ஜூனில் இருந்த அதே ஆறு. அவர்களுக்குப் பண்டரிநாத் குறைந்தாலும் மழையில் கிடந்தவன் கூடிவிடுவான், மறுபடி பத்து. பண்டரிநாத் ஒருவர் மட்டும் குறைந்தால்தான் ஒன்பது.

ஏட்டையா, பேனாவைக் கீழே வையுங்கள். வைத்துவிட்டீர்களா? அந்தத் தாள்களை என்னிடம் கொடுங்கள். புதுத் தாள் எடுங்கள். நான் மெதுவாகச் சொல்கிறேன், அப்படியே எழுதுங்கள். மார்ச் இருபத்திரண்டாம் தேதி, பகல் பதினொரு மணி அளவில், பதினான்காம் கம்பத்தருகே, பண்டரிநாத் தரே என்பவரை நான் முழு நினைவோடு, இரு கைகளாலும் ரயில்முன் தள்ளிக் கொன்றேன். அதைக் கொலை என்றே எழுதுங்கள். இப்போதே கையெழுத்துப் போடுகிறேன்.

மற்ற நான்கு பேர் விஷயத்தில் ரயில்வே பதிவேடு சரியாகவே இருக்கிறது, மேடம். அவை விபத்துகள்.